கம்ப்ளீட்லி சாரும் ஒரு தடித்த கோடும்

முந்தாநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரித்தபோது மலர்விழியின் போன் வந்தது. பம்மலில் ஒரு தோல் கையுறைத் தொழிற்சாலையில் நான் ஸ்டெனோவாக இருந்த கடைசி வருஷங்களில் எனக்குக் கீழே டைப்பிஸ்டாகச் சேர்ந்த பெண். இப்போது அந்த ஆபீசையே அவள்தான் நடத்துகிறாள். பழைய ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"சார், ஒரு சந்தேகம். கட்டிங் செக்‌ஷன் தேவராஜ்னு ஒருத்தர் ஃபைல்ல ஒரு ஆர்டர் இருக்கு. 'யூ ஆர் லெட் ஆஃப் கம்ப்ளீட்லி வித் இமீடியட் எஃபெக்ட்.' இது என்ன சார்? ஆளைத் தூக்கினதா, மன்னிச்சதா? கம்ப்யூட்டர்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணியாகணும்."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். தூக்கம் போனது போனதுதான். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? டிக் பண்ண வேண்டுமாம், டிக்! கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் பேனாவைத் தேடினேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர், சுருக்கெழுத்து மூன்றையும் முடித்தேன். அங்கே ஃபேன் கிடையாது, மாஸ்டருக்குப் பொறுமையும் கிடையாது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சுருக்கெழுத்தில் 'டீச்சர்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு மெல்லிசாக ஒரு நேர்க்கோடு. 'டாக்டர்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கும் அதே கோடுதான், ஆனால் பென்சிலை அழுத்தித் தடிமனாகப் போட வேண்டும். நமக்கோ தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ட'. காதிலேயே ஒன்றாக விழுகிறது, கை எங்கே பிரித்துப் போடும்? மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "அழுத்துடா! டேய், அழுத்தாதேடா!" என்று ஒரு வருஷம் கத்தினார். அந்த ஒரு வருஷத்தில் இந்த வித்தியாசம் என் விரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் வேலை. செம்பாக்கத்திலிருந்து பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில், பல்லாவரத்தில் இறங்கி ஸ்டாண்டில் போட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பம்மல். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை ரயிலிலேயே மூக்கு சொல்லிவிடும், அவ்வளவு தோல் பதனிடும் கொட்டகைகள்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு பெயர் இருந்தது. சேஷகிரி. அதைச் சம்பள ரிஜிஸ்டரைத் தவிர வேறு எங்கும் யாரும் பயன்படுத்தவில்லை. வாட்ச்மேனிலிருந்து டீ கொண்டுவருகிற பாட்டியம்மா வரை எல்லோருக்கும் அவர் கம்ப்ளீட்லி சார்.

மனிதருக்கு ஆங்கிலத்தின் மேல் அப்படி ஒரு மோகம். அதிலும் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நடக்கும் வினைகள் என்றால் உயிர். புட் ஆஃப், புட் அப், லுக் இன்டு, கேரி ஆன். அவற்றின் வாலில் ஒரு 'கம்ப்ளீட்லி'யைக் கட்டாமல் விடமாட்டார். ஃபேனை நிறுத்த "புட் ஆஃப் கம்ப்ளீட்லி." ஃபைல் வேண்டுமென்றால் "புட் அப் கம்ப்ளீட்லி." என் மாமனார் தவறியபோது லீவு லெட்டரில் "கேரி ஆன் கம்ப்ளீட்லி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதைத் தொடர்வது என்று தெரியாமல் நான் சுடுகாட்டுக்குப் போனேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே! மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் புரட்டிப் புரட்டி ஒரு விஷயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இந்த ஒட்டு வினைகளுக்குக் கண்ட கண்ட ஒட்டு ஒத்துக்கொள்ளாது. 'டர்ன் டவுன்' என்றால் மறுப்பது, அதை 'பொலைட்லி' செய்யலாம். 'கெட் ஆன்' என்றால் ஒத்துப்போவது, அது 'வெல்' கேட்கும். 'லெட் ஆஃப்' என்றால் தப்பு செய்தவனைத் தண்டிக்காமல் விடுவது. சின்னதாக ஏதோ ஒன்று கொடுத்து விட்டுவிட்டால் 'லெட் ஆஃப் லைட்லி.' நம் தமிழில் இல்லையா? 'விடு' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு விட்டுக்கொடு, விட்டுப்பிடி, விட்டுத்தள்ளு என்று எத்தனை! ஒட்டுகிற சொல் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். இதை ஒருநாள் மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "லைட்லியா? ஒய் லைட்லி? மனுஷன் எதைச் செஞ்சாலும் முழுசா செய்யணும்யா. உங்க தலைமுறையே லைட்லிதான்."

அவருக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம்.

அவருடைய நடைமுறையைச் சொல்கிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு நான் இரண்டு பென்சில்களைச் சீவிக்கொண்டு அவர் அறைக்குப் போக வேண்டும். அவர் முனைகளைத் தன் கட்டைவிரலில் குத்திப் பார்ப்பார். "ஷார்ப்பன்ட் அப்?" என்பார். "கம்ப்ளீட்லி சார்" என்று நான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் டிக்டேஷன். மாலை நாலரைக்கு டைப் அடித்த கடிதங்களை அட்டையில் வைத்து நீட்டுவேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் படிக்கவே மாட்டார். விரலை வரி வரியாக ஓட்டி 'கம்ப்ளீட்லி' எங்கே இருக்கிறது என்று தேடுவார். கிடைத்ததும் அதன் மேல் பென்சிலால் ஒரு புள்ளி. அப்புறம் கையெழுத்து. 'கம்ப்ளீட்லி' இல்லாத கடிதம் திரும்பி வந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் அந்தச் சம்பவம் நடந்தது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் வெல்டிங் கையுறைகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தான். சாம்பிளை அவன் ஒப்புக்கொள்ளும்வரை யாரும் தோலை வெட்டக்கூடாது என்று உத்தரவு. ஒரு திங்கட்கிழமை ஒப்புதல் வந்தது. மேனேஜர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் கட்டிங் கொட்டகை வாசலில் நின்று, மிஷின் சத்தத்துக்கு மேலே கையை ஆட்டிக் கத்தினார்.

"தேவராஜ்! கேரி ஆன் ரைட் அவே! கம்ப்ளீட்லி!"

உடனே ஆரம்பி, முழுசாக முடி என்று அர்த்தம். தேவராஜ் கையைத் தூக்கி "ரைட் சார்!" என்றார். மேனேஜர் போய்விட்டார். வியாழக்கிழமை திரும்பி வந்தபோது, வெட்டியிருந்த அத்தனையும் வலது கை. மலை மாதிரி வலது கை! இடது கை பேருக்குக்கூட ஒன்று இல்லை.

வெட்டிய தோலைத் தைத்துக் கொடுப்பவர்கள் பம்மல் தெருக்களில் வீட்டோடு இருந்து தைக்கும் பெண்கள். அவர்களில் ஒருத்தியாவது கேட்கவில்லையா என்று விசாரித்தோம். "கேக்காம இன்னா? எங்க தெருவுக்கு ரைட்டு, பின்னாடித் தெருவுக்கு லெஃப்ட்டுன்னு நெனச்சிக்கினோம்" என்றார் ஒரு அம்மா. பின்னாடித் தெருவில் கேட்டால் அவர்கள் இந்தத் தெருவைக் காட்டினார்கள்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அவர், சூப்பர்வைசர், குறிப்பெடுக்க நான், எதிரே தேவராஜ். ஒல்லியான மனிதர், முடிச்சூர்க்காரர், தோலைத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் கிழியும் என்று சொல்லிவிடுவார். அதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

"ஏன்யா இப்படிப் பண்ணே?"

"நீங்க சொன்னதத்தான் சார் செஞ்சேன். கேரி ஆன்னா வேலையப் பாருன்னு. ரைட்டுன்னா ரைட்டு கை. அவேன்னா வெளியூருக்குப் போறது. கம்ப்ளீட்லின்னா மொத்தமும். வெல்டிங்காரன் ஒரு கைலதான சார் புடிப்பான், அதுக்குத்தான் ஒரு கை கேக்கறான் போல கீதுன்னு நெனச்சேன்."

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் நோட்டுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். தேவராஜ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"தமிழ்ல சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு கையையும் வெட்டிப் போட்டிருப்பேன் சார்."

சூப்பர்வைசருக்குத் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் தேவராஜுக்கு வினையாகப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், தப்பைச் சரிசெய்வது பெரிய விஷயமே இல்லை. அடுத்த மூன்று நாள் இடது கையை வெட்டினால் ஜோடி சேர்ந்துவிடும். ஆனால் தன் ஆங்கிலத்தைக் கேட்டு ஒருவன் சிரித்ததை மேனேஜரால் விழுங்க முடியவில்லை. காது மடல் வரை சிவந்துபோயிற்று.

மறுநாள் காலையிலிருந்து தேவராஜ் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா, மடியில் திறக்காத சாப்பாட்டுத் தூக்கு. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான். ஒரு கொட்டகையில் விரட்டிய கட்டரைப் பம்மலில் இன்னொரு கொட்டகை சேர்க்காது, செய்தி சைக்கிளைவிட வேகமாகப் போகும். நான் நோட்டுடன் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன்.

"சார், இன்னா எழுதப் போறாரு?" என்றார் தேவராஜ்.

"தெரியலையேப்பா" என்றேன். தெரியும்.

மேனேஜர் பென்சில் முனைகளைக் குத்திப் பார்த்தார். "ஷார்ப்பன்ட் அப்?" "கம்ப்ளீட்லி சார்." நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நடந்த சம்பவத்தைத் தீர விசாரித்ததில், நீ உடனடியாக அமலுக்கு வரும்படி லெய்ட் ஆஃப் கம்ப்ளீட்லி. வேலையிலிருந்து அனுப்பப்படுகிறாய் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"சார், வுட்டாரா?" என்றார் தேவராஜ்.

"விட்டுட்டார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எத்த வுட்டாரு சார்? என்னிய வுட்டாரா, வேலைய வுட்டு வுட்டாரா?"

"லெட்டர் வரும்ப்பா, அதுல இருக்கும்" என்று சொல்லிவிட்டு டைப்ரைட்டரின் பின்னால் ஒளிந்துகொண்டேன். தாளும் கார்பனும் தாளுமாகச் செருகி உருட்டினேன். நோட்டை எதிரே சாய்த்து வைத்தேன். அவசரச் சுருக்கெழுத்தில் உயிர் ஒலிகளை எழுத மாட்டோம். ஆகவே லெட் ஆஃப் என்பதும் லெய்ட் ஆஃப் என்பதும் ஒரே எலும்புக்கூடு. நடுவில் நிற்கிற நேர்க்கோடு மெல்லிசாக இருந்தால் மன்னிப்பு. தடிமனாக இருந்தால் தேவராஜ் தெருவில். அந்தக் கோட்டைப் பார்த்தேன். பெஞ்சைப் பார்த்தேன். கன்னியம்மா தூக்கைத் திறந்து ஒரு உருண்டையை அவரிடம் நீட்ட, அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். 'லெட்' என்று அடித்தேன். கண்ணைப் பெஞ்சிலேயே வைத்திருந்ததில் ஸ்பேஸ் இரண்டு தடவை விழுந்துவிட்டது. இன்றைக்கும் ஃபைலில் பார்க்கலாம்.

நாலரைக்கு மேனேஜரின் விரல் வரிகளில் ஊர்ந்தது. கம்ப்ளீட்லி கிடைத்தது. புள்ளி வைத்தார். கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே கடிதம் தேவராஜ் கைக்குப் போனது.

மறுநாள் காலை கேட்டில் ஒரே கூட்டம். தேவராஜ் வெள்ளை வேட்டியில், கையில் ரோஜா மாலை. கன்னியம்மா கையில் அதே தூக்கு, உள்ளே சர்க்கரைப் பொங்கல். கடிதத்தை முடிச்சூரில் ஒரு வாத்தியார் படித்துச் சொல்லியிருக்கிறார், எல்லாவற்றையும் மன்னித்து முழுசாக விட்டுவிட்டார்கள் என்று. மேனேஜரின் ஸ்கூட்டர் உள்ளே நுழைந்ததுதான் தாமதம், ஹெல்மெட்டோடு சேர்த்து மாலையைப் போட்டுவிட்டார்.

மேனேஜர் திகைத்துப்போய் நின்றார். வேலையை விட்டுத் துரத்தியவன் மாலை போட்டால் யார்தான் என்ன செய்வது?

"சார், இந்த மன்சு யாருக்கு சார் வரும்! உங்க லெட்டரச் சாமி படத்துக்குக் கீழ வெச்சிகிறேன்."

மேனேஜரின் குரல் தழுதழுத்தது. "பரவாயில்லப்பா. நான் கொஞ்சம் ஹார்ஷா போயிட்டேனோன்னு ராத்திரி ஃபீல் பண்ணேன். நீ இவ்வளவு பெருந்தன்மையா எடுத்துக்கிட்டே. எங்க போனாலும் நல்லா இருப்பே."

"எங்க சார் போறேன்? நேரா மிஷினுக்குத்தான். மூணு நாள்ல லெஃப்ட்டு மொத்தமும் முடிச்சிக் குடுத்துடறேன்."

"எங்கே போறே?"

"மிஷினுக்கு சார்."

கன்னியம்மா அதற்குள் ஒரு கரண்டிப் பொங்கலை அவர் வாயருகே கொண்டுபோய்விட்டார். வாயைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. அறுபது பேர் கைதட்டினார்கள். வாய் நிறையப் பொங்கலோடு அவர் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின. என்னைத்தான்.

அறைக்குள் கதவைச் சாத்தினார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். ஆபீஸ் காப்பியைப் படித்தார். இந்தத் தடவை உண்மையிலேயே மூன்று முறை.

"லெட்! லெட்டுன்னு அடிச்சிருக்கே! நான் சொன்னது லெய்ட்! பொங்கலை வேற தின்னுட்டேனேய்யா!"

"சார், சுருக்கெழுத்துல ரெண்டும் ஒரே கோடு. மெல்லிசுன்னா லெட், தடிமன்னா லெய்ட். பென்சில் முனை மழுங்கிப்போச்சு. எல்லாக் கோடும் ஒரே மாதிரி விழுந்துடுச்சு, கண்டுபிடிக்க முடியல."

இந்தப் பதிலை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"நோட்டைக் கொண்டா."

தோலில் ஊசி ஓட்டை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார். என் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பக்கம் முழுக்க மெல்லிசுக் கோடுகள் முடி முடியாக, ஊசி முனையால் கீறியதுபோல நின்றன. மழுங்கிய பென்சிலால் அப்படி ஒன்றுகூடப் போட முடியாது. நடுவில் அந்த ஒரு கோடு மட்டும் அழுத்தமாக, கறுப்பாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் தடிமனாக நின்றது. மாஸ்டர் ஒரு வருஷம் கத்திச் சொல்லிக்கொடுத்த கோடு. அந்தப் பென்சிலின் கூர்மையை அவரே முந்தின நாள் காலையில் தன் கட்டைவிரலில் குத்திப் பார்த்திருந்தார்.

அவர் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். செம்பாக்கம் வீடு, பையனின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒரு சுற்று சுற்றிவந்தது.

"அந்தம்மா நேத்து அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சாப்பாட்டை ஊட்டப் பார்த்தாங்க. அவர் சாப்பிடல."

வெளியே கட்டிங் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் நோட்டை மூடினார். பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். மேஜை டிராயரிலிருந்து தன் பேனாக்கத்தியை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

"நாளையிலேர்ந்து பென்சிலை என் எதிர்ல உக்காந்து சீவறே. நான் ரிட்டயர் ஆகற வரைக்கும்."

"சரி சார்."

"ஐ ஆம் லெட்டிங் யூ ஆஃப்..." என்று நிறுத்தினார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாகக் கேட்கிறேனே. வாய் அதற்குத் தயாராகவே குவிந்தது. ஆனால் அவர் அந்தச் சொல்லை விழுங்கினார். கழுத்து மாலையில் ஒரு இதழைப் பிய்த்தார்.

"லைட்லி" என்றார்.

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் கன்னியம்மா வைத்துவிட்டுப் போன தூக்கில் இன்னும் கொஞ்சம் பொங்கல் இருந்தது. தேவராஜ் அங்கேயே இன்னும் பல வருஷம் வெட்டினார், இரண்டு கையும். நான் மேனேஜர் எதிரில் தினமும் பென்சில் சீவினேன், அவர் ஓய்வு பெறும்வரை. எங்கள் இருவருக்கும் நடுவே அந்தப் பேச்சு மறுபடி எழவே இல்லை.

நேற்று மலர்விழியைக் கூப்பிட்டேன்.

"மன்னிச்சதுல டிக் பண்ணும்மா."

"நிச்சயமா சார்? கம்ப்ளீட்லின்னு வேற போட்டிருக்கே."

"நிச்சயமா. பக்கத்துல ஏதாவது எழுத இடம் இருக்கா?"

"இருக்கு சார். குறிப்புன்னு ஒரு கட்டம்."

"அதுல 'லைட்லி'ன்னு போட்டுக்கோ."

"தேவராஜுக்கா சார்?"

"இல்லம்மா. எனக்கு."